மழைக்காரியின் விடுமுறை

ஹாலிஎலவில் சந்திரகாந்தியின் வீடு எது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். மழைக்காரியின் வீடு என்று கேட்டால் உடனே கை நீட்டி வழி காட்டுவார்கள். ரயில் பாதைக்கு மேலே, இரண்டு அறையும் சுற்றிவரச் சிறியதொரு வளவும் கொண்ட வீடு. வளவின் நடுவில், மரநிழலோ கூரைத் தூவானமோ படாத இடத்தில், ஒரு மழைமானி நிற்கும். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அவள் அதைத் திறந்து, முந்திய இருபத்துநான்கு மணி நேரத்தில் விழுந்த மழையைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளப்பாள். பின் நீரைக் கொட்டிவிட்டு, கடைத்தெருவில் ஸுபைரா நடத்தும் கொமியூனிகேஷன் கடைக்கு இறங்கிப் போவாள். அங்கேயுள்ள கணினியில் அன்றைய எண்ணைத் தன் வலைப்பதிவில் ஏற்றுவாள். அதன் பெயர் ‘காலை எட்டரை’. 2008 தைப் பொங்கலன்று தொடங்கியது. ஒரு நாளும் தவறவில்லை.

வலைப்பதிவில் கதையோ கவிதையோ இல்லை. திகதி, மழை, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பதிவின் அடியிலும் மாறாத ஒரு வரி தானாகவே வந்து நிற்கும்படி ஸுபைரா அமைத்துக் கொடுத்திருந்தாள்:

‘12.12.1994 திங்கட்கிழமை: 214.6 மில்லிமீற்றர். அளந்தது சந்திரகாந்தி. எழுதப்பட்டது வேறு.’

அந்த வரிக்காகத்தான் மற்றவை எல்லாம்.

1994இல் அவள் ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைமடுவத்துப் பொறுப்பாளர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது வேலை. தோட்டத்து மழைமானி மடுவத்தின் பக்கத்தில் இருந்ததால், அதை அளந்து அலுவலகத்துக்குத் துண்டு எழுதி அனுப்புவதும் அவள் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மடுவமும் இல்லை, அலுவலகமும் இல்லை. தோட்டத்தின் மற்றக் கணக்குகளில், அதாவது பிரிவுகளில், அன்று எவரும் அளப்பதில்லை. திங்கட்கிழமை இரண்டு நாள் மழையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பெரிய கிளாக்கர் தங்கராஜா அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு நாளுக்கும் சமமாக மழைப் புத்தகத்தில் எழுதிவிடுவார். சந்திரகாந்தி அப்படிச் செய்யவில்லை. ஞாயிறும் அளந்து, அலுவலகக் கதவின் அடியால் துண்டைச் செருகிவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிறு காலையில் 2.0. இரவெல்லாம் மழை. திங்கள் காலையில் குவளை எட்டு முறை நிரம்பி, ஒன்பதாவதிலும் பாதிக்கு மேல் ஏறியது. ஒரே நாளில் நூற்றைம்பதைத் தாண்டினால் தொழிலாளரின் வரிசை வீடுகளான கீழ் லயத்து ஆட்களைப் பாடசாலைக்கு மாற்ற வேண்டும் என்பது தோட்டத்தின் கட்டளை. துண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, சனங்கள் மூட்டை முடிச்சோடு மடுவத்து வழியே பாடசாலைக்கு வருவார்கள் என்று அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் வரவில்லை. தங்கராஜாவின் கை வழக்கம்போல் அந்த எண்ணை இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தது: ஞாயிறு 107.3, திங்கள் 107.3. தோட்டத்தை நடத்திய துரையின் கண்ணுக்கு அதில் ஆபத்தில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மண்மேடு கீழ் லயத்தின் மேல் இறங்கியது. காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்த சந்திரகாந்தியின் தங்கை சரோஜினி உள்ளே இருந்தாள்.

விசாரணையில் தங்கராஜா நிமிர்ந்து நின்று சொன்னார்: “ஞாயிறு துண்டு வரவே இல்லீங்க. அந்தப் புள்ளைக்குக் குவளை பாக்கவும் சரியாத் தெரியாது.”

துண்டு வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. அடுத்த மாதமே மழைமானிப் பொறுப்பு அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. குவளை பார்க்கத் தெரியாதவள் என்ற பெயர் மட்டும் அவளோடு தங்கிவிட்டது. பதினைந்து ஆண்டுகள் அவள் அந்தப் பெயரைச் சுமந்தாள். அழுதுகொண்டு அல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு.

2009 நவம்பரில் அவளுடைய மகன் தினுஷன் கொழும்பிலிருந்து வந்து, அவளுக்கும் தனக்குமாக இரண்டு விமானச் சீட்டுகளை மேசையில் வைத்தான். திருச்சியில் அவளுடைய பெரியம்மா குடும்பம் இருந்தது. டிசம்பர் பதினோராந் திகதி போய், இருபத்துநான்காந் திகதி திரும்புவது.

“நான் எப்படிப்பா வாறது? பதிவு நிக்குமே.”

“ரெண்டு வாரம் நின்னா என்னம்மா, மழை கோவிச்சுக்கப் போகுதா?”

மழை கோபிக்காது. தங்கராஜா கொண்டாடுவார். ஓய்வு பெற்று ஹாலிஎலவிலேயே வீடு கட்டிக்கொண்ட அவர், கோயில் பரிபாலன சபைக்குத் தலைவராக இருந்தார். சலூனில் உட்கார்ந்து அவர் சொன்னது அவள் காதுக்கும் வந்திருந்தது: “மழைக்காரி ஒரு நாள் லீவு போடட்டும், பாப்போம். ஒரு நாள் விட்டா அந்தப் புத்தகமே செல்லாது. நான் முப்பது வருசம் எழுதுனவன், எனக்குத் தெரியாதா?”

பதிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்து, குறித்த நாளில் தானாக வெளிவரச் செய்யலாம் என்றாள் ஸுபைரா. சந்திரகாந்தி சிரித்துவிட்டாள். பெய்யாத மழையை எப்படி முன்கூட்டி எழுதுவது? அப்படி எழுதத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். அந்த நினைப்பு வந்ததும் அவளுடைய சிரிப்பு நின்றது. நாட்காட்டியைப் பார்த்தாள். பதினோராந் திகதிக்கும் இருபத்துநான்காந் திகதிக்கும் இடையில் இரண்டு ஞாயிறுகள் இருந்தன.

திருவெம்பாவைப் பூசை ஒழுங்குகளைப் பேசச் சபையார் தங்கராஜா வீட்டில் கூடியிருந்த மாலையில் அவள் அங்கே போனாள். தலை சீவி, நல்ல சேலை உடுத்தி, பணிவாக நின்றாள்.

“ஐயா, பதினோராந் திகதி ஊருக்குப் போறேன். மழையை அளந்து குடுக்க ஆள் இல்ல. இந்த ஊர்ல மழைப் புத்தகம் எழுதுனவங்கன்னா நீங்க ஒருத்தர்தான். தினம் எங்க வளவுல அளந்து ஒரு துண்டு எழுதி ஸுபைரா கடையில குடுத்தீங்கன்னா, அவங்க ஏத்திருவாங்க. உங்க பேரு போட்டே ஏத்தச் சொல்றேன்.”

சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கராஜா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். அவருடைய முகத்தில் முதலில் சந்தேகம் வந்தது. பிறகு, சுற்றியிருந்தவர்களைக் கண்டதும், மெல்ல மெல்ல ஒரு மலர்ச்சி பரவியது.

“பாத்தீங்களா,” என்றார் சபையாரிடம். “கடைசியில யார்கிட்ட வர வேண்டியிருக்கு?” அவளிடம் திரும்பி, “போய்ட்டு வாம்மா. ஒழுங்கா எழுதுறது எப்படின்னு உன் ஆளுங்களும் பாக்கட்டும்” என்றார்.

“ரொம்ப நன்றிங்க ஐயா,” என்றாள் சந்திரகாந்தி.

அன்றே ஸுபைராவின் கடைக்கு மேலேயுள்ள சீமெந்துத் தட்டில் இரண்டாவது மழைமானி ஒன்றை நிறுத்தினாள்.

“இத நீங்க தினமும் எட்டரைக்கு அளந்து கொப்பியில எழுதி வைங்க. பதிவுல போட வேணாம். யார்கிட்டயும் சொல்ல வேணாம்.”

“ஞாயித்துக்கெழமயுமா சந்திராக்கா?”

“ஞாயித்துக்கிழமைக்காகத்தான். அவரு குடுக்கிற துண்டையெல்லாம் படம் புடிச்சுப் பதிவுல போட்டுட்டு, துண்டையும் பத்திரமா வச்சுக்கங்க.”

ஸுபைரா ஒரு கொப்பியை எடுத்து வைத்தாள். “பொல்லாத ஆள்தான் நீங்க. லீவுக்குப் போறீங்களா, பொறி வச்சிட்டுப் போறீங்களா?”

“ரெண்டும்தான்.”

திருச்சியில் பெரியம்மாவின் மக்கள் அவளை மலைக்கோட்டைக்கும் திருவானைக்காவுக்கும் அழைத்துப் போனார்கள். விரும்பிய சேலையை எடுக்கச் சொன்னார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் காலை பத்து மணியானால் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த இணைய மையத்தில் இருப்பாள். தங்கராஜாவின் துண்டுகள் அழகாயிருந்தன. முத்து முத்தான எழுத்து, அடியில் கோடு, முழுக் கையொப்பம். 0.0. 3.2. 0.6. அந்த எண்களுக்குக் கீழே அவளுடைய பழைய வரி. பாராட்டிப் பின்னூட்டங்கள்கூட வந்தன. முதல் ஞாயிறு வெயிலாகவே கழிந்தது.

அவளுக்கு எரிந்தது. மனிதர் சரியாகவே எழுதிவிட்டுப் போய்விடுவாரோ? பதினைந்து ஆண்டுகளாக மழை என்றாலே அஞ்சிய அவள், அன்று ஸ்ரீரங்கத்தில் கைகூப்பி நின்றபோது, அடுத்த ஞாயிறு ஊரில் பெரும் மழை பெய்ய வேண்டும் என்று வேண்டினாள். மேலே இன்னும் லயங்கள் இருக்கின்றன, அவற்றில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது உடனே நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டுதலை அவள் திரும்பப் பெறவில்லை.

இருபத்தோராந் திகதி, திங்கட்கிழமை. இணைய மையத்தில் பதிவைத் திறந்தவள் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பதிவு வரவில்லை. திங்கட்கிழமை ஒரே துண்டில் இரண்டு நாளும் இருந்தன:

‘20.12.2009 ஞாயிறு 63.2. 21.12.2009 திங்கள் 63.2. அளந்தவர் மு. தங்கராஜா.’

உடனே ஸுபைராவுக்குத் தொலைபேசி எடுத்தாள். “ஸுபைரா, கொப்பியைப் பாத்துச் சொல்லுங்க. ஞாயிறு எவ்வளவு?”

“ஞாயிறு காலயில சைபர். நல்ல வெயில். ராவுக்குத்தான் ஊத்தின. திங்கள் நூத்தி இருவத்தாறு புள்ளி அஞ்சு.”

“மேல லயங்கள்ல?”

“ஒண்டும் இல்ல அக்கா. எல்லாரும் சுகம்.”

சந்திரகாந்தி தொலைபேசியை வைத்துவிட்டு, அந்நிய ஊரில், முன்பின் தெரியாத இளைஞர்களுக்கு நடுவில், திரையிலிருந்த அந்த இரண்டு எண்களையும் மீண்டும் படித்தாள். எவரும் அவரைப் பொய் எழுதச் சொல்லவில்லை. கை தானாகவே எழுதியிருந்தது.

மாலைக்குள் ஒரு பின்னூட்டமும் வந்திருந்தது. எழுதியவர் ஹாலிஎலவில் வீடு கட்டிக்கொண்டிருந்த றஹீம்: ‘சனி பின்னேரம் சீமெந்துக் கல் அரிந்து வளவில் காயவிட்டோம். ஞாயிறு காலை ஒரு கல்லும் கரைந்திருக்கவில்லை. அந்த 63 எங்கே பெய்தது, ஐயா?’

ஊர் திரும்பிய மறுநாள், அவள் ஒரே ஒரு பதிவு போட்டாள். இடப்பக்கத்தில் தங்கராஜாவின் துண்டுகள். வலப்பக்கத்தில் ஸுபைராவின் கொப்பி. பன்னிரண்டு நாள் எண்கள் மயிரிழை வேறுபாட்டோடு ஒத்துப்போயின. இரண்டு நாள் மட்டும் ஒத்துப்போகவில்லை. அவள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அடியில் 1994இன் வரி தானாக வந்து நின்றது.

பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள். கனடாவிலிருந்தும் கட்டாரிலிருந்தும், அந்த லயத்தில் பிறந்தவர்கள் எழுதினார்கள். திருவெம்பாவைப் பூசையில் சபையார் தலைவரின் முகத்தைப் பார்க்காமலே திருநீறு வாங்கினார்கள்.

மூன்றாம் நாள் தங்கராஜா கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மடித்த குடை. ஸுபைரா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“நான் ஏமாத்தலம்மா. முப்பது வருசமா அப்படித்தான் எழுதுறது. எல்லாத் தோட்டத்துலயும் அப்படித்தான்.”

“தெரியும் ஐயா,” என்றாள் சந்திரகாந்தி. “பழக்கம். அன்னைக்கும் அந்தப் பழக்கத்துலதான் பிரிச்சு எழுதினீங்க. அதை நான் எப்பவோ விட்டுட்டேன். விசாரணையில சொன்னீங்களே, அது பழக்கம் இல்லையே.”

அவர் குடையின் பிடியைத் திருகினார். “துண்டு வந்துச்சு,” என்றார் கடைசியில், தரையைப் பார்த்தபடி. “கதவுக்கடியில கெடந்துச்சு. மண்ணு சரிஞ்ச பெறகுதான் பாத்தேன். பயந்துட்டேன். எனக்கும் நாலு புள்ளைங்க.”

“எழுதிக் குடுங்க.”

“என் பேரு போட்டா?”

“இவ்வளவு நாளும் பேரு போட்டுத்தானே எழுதினீங்க.”

“எழுதலன்னா?”

“அந்த ரெண்டு பக்கமும் அப்படியே முதல் பதிவா நிக்கும். சனங்க மறந்துருவாங்கன்னு நெனைக்காதீங்க. நான் லீவு முடிஞ்சு வந்துட்டேன்.”

தங்கராஜா உட்கார்ந்தார். ஸுபைரா ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து வைத்தாள். பழைய அலுவலகத் துண்டின் முறையிலேயே, அதே முத்து எழுத்தில் எழுதினார்: 11.12.1994 ஞாயிறு துண்டு கிடைத்தது என்றும், அதில் 2.0 என்றிருந்தது என்றும், மறுநாள் 214.6 என்றும், விசாரணையில் தாம் கூறியது பொய் என்றும். கோடிட்டார். கையொப்பமிட்டார். சந்திரகாந்தி தாளை வெளிச்சத்தில் பிடித்து, குவளையில் நீர்மட்டம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள்.

“சரியா இருக்கு,” என்றாள்.

“இனி அந்த அடி வரியை எடுத்துருவேதானே?” அவருடைய குரலில் கெஞ்சல் இருந்தது.

“எடுத்துருவேன் ஐயா. இனி அது தேவையில்ல.”

அவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். வாசற்படியில் காலை வைத்தபோது, சந்திரகாந்தி ஸுபைராவிடம் சொல்வது அவருக்குக் கேட்டது:

“அந்த வரி இருந்த எடத்துல இந்தத் துண்டைப் போடுங்க. எல்லாப் பதிவுக்கும் கீழ வரணும். தினமும்.”

தங்கராஜா படியில் நின்றார். திரும்பிப் பார்த்தார். மறுப்பதற்கு வாயெடுத்தவர், அவளுடைய முகத்தைக் கண்டு தெருவில் இறங்கினார்.

மறுநாள் மழை இல்லை. எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, உலர்ந்த அடித்தட்டைப் பார்த்துவிட்டு, அவள் கடைக்குப் போய் 0.0 என்று பதிந்தாள். அதற்குக் கீழே தங்கராஜாவின் எழுத்து, அதற்குக் கீழே அவருடைய கையொப்பம். சரியாகத் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.