அறுபத்து நாலின் கடைசி நாள்

எங்கள் தெருவில் குப்பைப் பையை நேரத்துக்கு முன்னால் வெளியே வைக்காத ஒரே மனிதர் நிஷிவாகி மோரியோ. காலை ஏழிலிருந்து எட்டுக்குள் வைக்க வேண்டும் என்று பலகை சொல்கிறது. நாங்கள் ஆறே முக்காலுக்கே வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையோடு உள்ளே போய்விடுவோம். அவர் மட்டும் பையைக் கையில் பிடித்தபடி கம்பத்தடியில் நிற்பார். நகராட்சி ஒலிபெருக்கியில் ஏழு மணி இசை கேட்ட பிறகுதான் பை தரையைத் தொடும். மழையானாலும் அப்படித்தான். மழை நாளில் ஒரு கையில் குடை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாற்பது வருடம் நகராட்சி அலுவலகத்தில் குடும்பப் பதிவுக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர். பிறப்பு, கல்யாணம், விவாகரத்து, சாவு, எதுவும் அவர் முத்திரை விழாமல் எங்கள் ஊரில் நடந்ததாக ஆகாது. அந்தக் கவுன்ட்டரில் அவர் அதிகம் சொன்ன வாக்கியம், "மன்னிக்கணும், விதிப்படி முடியாது." தலை குனிந்து, மனம் வருந்தித்தான் சொல்வார். ஆனால் சொல்லிவிடுவார்.

அந்த வாக்கியத்தைக் கேட்டு அழுதவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏப்ரல் ஒன்றாம் தேதி பிள்ளை பெற்ற தாய்மார்கள். எங்கள் சட்டப்படி ஒருவருக்கு வயது கூடுவது பிறந்தநாளன்று அல்ல. அதற்கு முந்தைய நாள் முடிகிற போது. ஏப்ரல் ஒன்றில் பிறந்த பிள்ளை மார்ச் முப்பத்தொன்றிலேயே ஆறு வயதை முடித்துவிடுகிறது. இங்கே பள்ளி ஆண்டு தொடங்குவது ஏப்ரல் ஒன்றில். ஆகவே அது முந்தின வருடத்துப் பிள்ளைகளோடு பள்ளியில் சேர வேண்டும். ஏறக்குறைய ஒரு வயது மூத்ததுகளுக்கு நடுவில் சுண்டுவிரல் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு நாள் தள்ளி எழுதிக்கொள்ளுங்களேன் என்று அம்மாக்கள் கெஞ்சுவார்கள். நிஷிவாகி கைக்குட்டையை நீட்டுவார். தேதியை மாற்ற மாட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ரோலர் கோஸ்டர்.

அது ஐம்பத்தோராவது வயதில் தொற்றியது. அலுவலகச் சுற்றுலாவில் துறைத்தலைவர் ஏறினார். துறைத்தலைவர் ஏறினால் துறையும் ஏற வேண்டியதுதான். இறங்கியதும் துறைத்தலைவர் புதரைத் தேடிப் போனார். நிஷிவாகி வரிசையின் கடைசி எங்கே என்று தேடிப் போனார். அன்றிலிருந்து வருடம் தவறாமல், நவம்பரில் ஒரு வேலைநாளில், மலையடிவாரத்திலிருக்கும் அந்தப் பூங்காவுக்கு நாங்கள் நான்கு பேர் போகிறோம். நிஷிவாகி, தன் தலையில் திருத்த ஒன்றும் மிச்சமில்லாத முடி திருத்தும் கடைக்காரர் குசகா, மதியச் சாப்பாட்டுப் பொட்டலக் கடை வைத்திருக்கும் தொமிகோ, நான். மூன்று பேர் ஏறுவார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வேன். யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தொமிகோ ஒருமுறை கேட்டாளாம். "அதுல உக்காந்துட்டா எனக்கு ஒரு வேலையும் இல்ல. எங்க கையெழுத்து, எங்க முத்திரைன்னு யாரும் கேக்கறதில்ல" என்றாராம்.

பூங்காவில் எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று உண்டு. ஏறும்போது வானத்துக்குப் படி வைத்த மாதிரி இருக்கும்; இறங்கும்போது படியை யாரோ உருவிக்கொண்ட மாதிரி. அதன் வாசல் பலகையில் உயரத்துக்குக் கீழ்வரம்பும் வயதுக்கு மேல்வரம்பும் போட்டிருக்கிறார்கள். அறுபத்து நாலு வயது வரைதான். அந்த வருடம் நவம்பர் பன்னிரண்டாம் தேதி நிஷிவாகிக்கு அறுபத்தைந்து. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட வேண்டும் என்று குசகா பதினொன்றாம் தேதியைக் குறித்தார். நிஷிவாகியும் சந்தோஷமாகத் தலையாட்டினார். நாற்பது வருடம் அடுத்தவர் பிறந்தநாளை எண்ணியே பழகிய மனிதர், தன்னுடையதை எண்ணிப் பார்க்கவில்லை.

காலையில் கார் கிளம்பும்போதே தொமிகோ ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். ஃபூஜி மலை மேகத்தொப்பி போட்டிருந்தது. தொப்பி போட்டால் காற்று வரும். வந்தது. நாங்கள் வாசலுக்குள் நுழைந்தபோது பெரியதை நிறுத்தியிருந்தார்கள். பலத்த காற்று, மீண்டும் எப்போது ஓடும் என்று சொல்ல இயலவில்லை, மனமார மன்னிப்புக் கோருகிறோம் என்று ஒலிபெருக்கி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மன்னிப்புக் கேட்டது.

மூன்று பேரும் சின்னச் சின்ன வண்டிகளில் ஏறி இறங்கினார்கள். கல்யாண விருந்துக்குப் போய் ஊறுகாயை மட்டும் நக்குவது போல இருந்தது நிஷிவாகியின் முகம். மத்தியானம் தொமிகோ சோற்று உருண்டைகளையும் பொரித்த கோழியையும் பிரித்தாள். கடற்பாசி சுற்றிய உருண்டை பாதி வாயில் இருக்க, அவர் பெரியதின் உச்சியில் ஆடிய கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஓடலன்னா ஓடலதான். பரவாயில்ல" என்றார், யாரும் கேட்காமலேயே.

"பரவாயில்லன்னு சொல்ற மூஞ்சியா இது? சாவுக்கு வந்தவங்கூட இதைவிட நல்லா சாப்பிடுவான்யா" என்று குசகா கோழியை அவர் பக்கம் தள்ளினார்.

மூன்று மணி வாக்கில் கொடி தொங்கியது. சோதனைக்கு வெறும் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு போய் வந்தது. ஒலிபெருக்கி இந்த முறை காத்திருந்ததற்கு நன்றி சொன்னது. மூன்று பேரும் ஓடினார்கள். நிஷிவாகிகூட ஓடினார், 'ஓடாதீர்கள்' என்ற பலகைக்கு முன்னால் மட்டும் நடந்து, தாண்டியதும் மறுபடி ஓடினார். நான் நான்கு பைகளோடு பின்னால் போய் ஏறுமிடத்துக் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டேன்.

அரை மணி நேர வரிசை. கதவருகே வந்ததும் பாக்கெட்டில் இருப்பதை எல்லாம் பூட்டுப் பெட்டியில் போட வேண்டும். கண்ணாடியையும் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன் கடைசியாக அவர் பலகையைப் படித்தார். விதி என்று எழுதியிருந்தால் படிக்காமல் விடுகிற ஆள் இல்லை. 'அறுபத்து நாலு வயது வரை.' அவர் உதடு அசைந்தது. விரல்கள் ஏதோ கூட்டிக் கழித்தன. பிறகு முகம் செத்துப்போனது. என்னவென்று கம்பிக்கு வெளியிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. என் தங்கை மகள் பிறந்தது ஏப்ரல் ஒன்றில்.

கதவில் நின்ற சின்னப் பெண் எதுவும் கேட்கவில்லை. புன்னகையோடு கையை உள்ளே காட்டினாள். பேசாமல் போயிருக்கலாம். வேறு எந்த மனிதனும் போயிருப்பான்.

"மன்னிக்கணும். நாளைக்கு எனக்குப் பிறந்தநாள். அறுபத்தஞ்சு" என்றார் நிஷிவாகி.

"வாழ்த்துகள் ஐயா" என்று அவள் கைதட்டினாள்.

"அதில்லம்மா. சட்டப்படி வயசு முந்தின நாளே பூர்த்தி ஆயிடும். அதாவது இன்னைக்கு."

அவள் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கையேட்டைப் புரட்டினாள். அதில் இதய நோய் இருந்தது, கர்ப்பம் இருந்தது, குடிபோதை இருந்தது. இது இல்லை. சூப்பர்வைசரை அழைத்தாள். பின்னால் நின்ற இருபது பேரும் ஒரு வார்த்தை பேசாமல், செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

தொமிகோவுக்குப் பொறுக்கவில்லை. "பூர்த்தி ஆகறது ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தானே? இப்ப மணி மூணே முக்கால். சுத்து மூணு நிமிஷம். நீ என்ன, பன்னெண்டு மணி வரைக்கும் அதுலயே உக்காந்திருக்கப் போறியா?"

"ஆபீஸ்ல நாள் கணக்குதான், மணிக் கணக்கு இல்ல தொமிகோ-சான். அந்த அம்மாங்க கிட்ட எல்லாம் அப்படித்தானே சொன்னேன்." பலகையை மறுபடி பார்த்தார். "அவங்களுக்கு ஒரு நாள் குடுக்கல. எனக்கு மட்டும் எடுத்துக்கலாமா?"

குசகா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

சூப்பர்வைசர் வந்தார். பூங்கா ஜாக்கெட்டுக்குள் டை கட்டிய, எப்போதும் யாரிடமோ மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கும் முகமுள்ள மனிதர். நிஷிவாகி நிமிர்ந்து நின்று, சட்டத்தின் பெயர், பிறந்த தேதி, பூர்த்தியாகும் நாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சூப்பர்வைசர் முழுக்கக் கேட்டார். கொடியைப் பார்த்தார், அது அசையவே இல்லை. காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் ஐயா. இன்னைக்குக் காத்து ரொம்ப பலமா இருக்கு. நீங்க சொன்னது ஒண்ணும் காதுல விழல."

நிஷிவாகி தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் உரக்க, முதலிலிருந்து தொடங்கினார். தொமிகோ அவர் காலை மிதித்தாள்.

"விழவே இல்லைங்க" என்று சூப்பர்வைசர் வருத்தமாகத் தலையாட்டினார். "போயிட்டு வந்து இன்னொரு தடவை சொல்றீங்களா? அப்ப நிதானமா கேட்டுக்கறேன்."

நிஷிவாகிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. இப்படிப்பட்டவை அவருக்கு எப்போதுமே தாமதமாகத்தான் விளங்கும். விளங்கியதும் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். சூப்பர்வைசர் அதைவிடக் குனிந்தார். பின்னால் நின்ற இருபது பேரில் யாரோ ஒருவர் மெல்லக் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அவருக்கு ஃபூஜியும் குசகாவின் தலையும் ஒன்றுதான். தடவித் தடவிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பணியாளர்கள் ஒவ்வொரு பூட்டையும் விரல் நீட்டிச் சரி, சரி என்று உரக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வண்டி நகர்ந்தது. மேடையிலிருந்த அத்தனை பேரும், கதவுப் பெண், சூப்பர்வைசர் எல்லாரும், இரண்டு கையையும் ஆட்டி, "போயிட்டு வாங்க" என்று வழியனுப்பினார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவரை அனுப்புகிற மாதிரியேதான்.

மேலே நடந்ததைத் தொமிகோ சொல்லித்தான் கேட்டேன். உச்சியில் வண்டி ஒரு கணம் நின்று மூச்சு வாங்கியது. பூமி கீழே விழுந்தது. எல்லாரும் அலற, நிஷிவாகியின் அடிவயிற்றிலிருந்து முழங்கிக்கொண்டு வந்ததாம்: "மன்னிக்கணும்ம்ம்... விதிப்படி முடியாதுதுது..." அடுத்த வளைவில் குசகாவும் அதையே கத்தினார். மூன்றாவது வளைவில் பின்வரிசைக் கல்லூரிப் பிள்ளைகளும். என்னவென்றே தெரியாமல், ஒரு வண்டி நிறைய ஜனங்கள் நகராட்சிக் கவுன்ட்டரின் வாக்கியத்தைக் கத்திக்கொண்டு மலையடிவாரமெங்கும் சுழன்றார்கள். அது மட்டும் என் காதிலும் விழுந்தது. காற்று அவ்வளவு ஒன்றும் பலமில்லை.

இறங்கியவருக்கு முகம் முழுக்கக் கண்ணீர், சிரிப்பு நிற்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நேரே சூப்பர்வைசரிடம் போனார். போயிட்டு வந்து சொல்லச் சொன்னாரே. சட்டம், தேதி, நாள், மொத்தமும் சொன்னார். இந்த முறை சூப்பர்வைசர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, மிகவும் பயனுள்ள தகவல் என்று நன்றி சொன்னார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். மார்ச்சில் அந்தப் பலகையில் புதிதாக ஒரு வரி ஏறியது: 'பிறந்தநாளுக்கு முந்தைய நாளே வயது பூர்த்தியானதாகக் கொள்ளப்படும்.' அழகான வரி. அதனால் பாதிக்கப்பட்ட முதல் மனிதர் குசகா. அவருக்கு ஜூன் பதினைந்தில் அறுபத்தைந்து. பதினாலாம் தேதிக்கு மாதக்கணக்காகத் திட்டம் போட்டு வைத்திருந்தார். செய்தி தெரிந்த வாரம் நிஷிவாகி முடி வெட்டிக்கொள்ளப் போனார். வெளியே வந்தபோது இடது கிருதா வலதைவிட ஒரு விரற்கடை குறைவாக இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பதின்மூன்றாம் தேதி போனோம். இப்போது பெஞ்சில் எனக்குத் துணை உண்டு. நிஷிவாகி பைகளைப் பெற்றுக்கொண்டு, எண் போட்ட அட்டைச் சீட்டுக் கொடுக்கிறார், முத்திரையோடு. குசகா கடைசி முறையாகப் பெரியதில் ஏறி, சிவந்த தலையோடு இறங்கி வந்து பையைக் கேட்டார். சீட்டு எங்கே என்றார் நிஷிவாகி.

"அது பெட்டியில இருக்குய்யா. பெட்டிச் சாவிய கம்பி வழியா நீதான வாங்கிப் பையில போட்டே. பை உன் கையில இருக்கு. ஏறும்போது பாக்கெட்ல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு அவங்க விதி. சீட்டு இல்லாம பை கிடையாதுன்னு உன் விதி. இப்ப நான் என்ன பண்றது?"

நிஷிவாகி யோசித்தார். தொமிகோ சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து சரிந்தாள். மேலே யாரோ அலறிக்கொண்டு விழுந்தார்கள்.

"மன்னிக்கணும்" என்று தலை குனிந்தார் நிஷிவாகி. "இன்னைக்குக் காத்து ரொம்ப பலமா இருக்கு. நீ சொன்னது ஒண்ணும் காதுல விழல."

பையை நீட்டினார்.