ஐஸ் அக்காவின் பெட்டி

மாடறுப்புக் கூடத்தில் அவளுக்கு ஐஸ் அக்கா என்றுதான் பெயர். அறுத்த பசுக்களின் சினைப்பைகளை எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கரு உண்டாக்கும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவது அவள் வேலை.

சினைப்பைக்குக் குளிர் வேண்டும், ஆனால் ஐஸ் படக்கூடாது. பட்டால் உறைந்து செத்துப்போகும். அதனால் உப்புநீர்ப் பையில் போட்டு, துணி சுற்றித்தான் ஐஸ்மேல் வைப்பாள். தோல் உரிக்கிறவன் ஒருமுறை உதவுகிறேன் பேர்வழி என்று வெறும் ஐஸில் போட்டுவிட்டான். அவள் விட்ட அறையில் அவன் கன்னம் பழுத்தது.

அவளுக்கும் வீட்டில் அடிதான். புருஷன் அதே கூடத்தில் மாடறுக்கிறவன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது அவன் கொள்கை. அன்று காலை டீ ஆறிப்போனதற்கு அவளுடைய முன்பல்லை உடைத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தான்.

வந்தவன், கத்தி யாருடையது என்று தோல் உரிக்கிறவனிடம் வம்புக்குப் போனான். அவனைக் கீழே தள்ளி மிதித்தான். மிதிபட்டவன் படுத்தபடியே கத்தியை வீசினான். புருஷனின் வலது கை விரல்கள் இரண்டு மாட்டு ரத்தத்தில் விழுந்தன.

வெட்டியவனே பதறினான். "அக்கா, விரலைப் பெட்டியில வைங்க. ஆஸ்பத்திரியில ஒட்ட வச்சிடுவாங்க."

அவள் விரல்களைப் பொறுக்கினாள். சினைப்பைப் பையைத் துணியோடு ஓரமாக நகர்த்தினாள். ஐஸைத் தோண்டி, விரல்களை அப்படியே உள்ளே புதைத்து, மேலேயும் ஐஸை அள்ளிப் போட்டாள்.

"அக்கா, ஐஸ் படக்கூடாதுன்னு நீங்கதானே என்னை அடிச்சீங்க?"

"அது சினைப்பைக்கு," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.