நீலத் தட்டு திரும்பி வந்த நாள்

வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு வருகிற அக்கா தங்கச்சிகளே, என் மகளைப் பொய்க்காரி என்கிற மாதிரி ஒரு கடிதம் வந்தது. அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

தைப்பூசம் முடிந்த வாரம் அது. வசந்தி வேலை முடிந்து வந்தவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?" என்றேன்.

"ஃபெயில்மா."

வசந்திக்கு நாற்பத்து மூன்று வயது. வேலை பார்த்த ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். அப்போது நான்தான் பிரின்சிபலிடம் பேசி எங்கள் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் அவளைச் சேர்த்துவிட்டேன். சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்த இடம். அங்கே பதினெட்டு வருடமாகச் சமையல் என் கையில். அவள் உதவி ஆசிரியையாகச் சேர்ந்து, பிறகு வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பிலும் சேர்ந்தாள். சனிக்கிழமை மட்டும் வகுப்பு. மற்ற நாளெல்லாம் வேலை செய்கிற இடம்தான் வகுப்பு. பிள்ளைகளோடு செய்கிறதைப் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். படிப்புச் சொல்லிக்கொடுக்கிற அம்மா நேரில் வந்தும் பார்ப்பார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவர் யாரும் கிடையாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் பல நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வசந்தி படிப்பில் சேர்ந்த அன்று லிப்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எதிர்வீட்டுச் சீனத்து அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

அந்தப் படிப்பில் ஒரு பாடம். ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு பல வாரம் கவனிக்க வேண்டும். அதற்கு எது வரவில்லையோ, அது வருவதற்கு வழி செய்ய வேண்டும். பிள்ளை என்ன செய்தது என்பதை நாள்தோறும் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். வசந்தி எழுதிக் கொடுத்தாள். அதில்தான் ஃபெயில். 'நீங்கள் எழுதியிருப்பது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இதெல்லாம் உண்மையில் பார்த்து எழுதியதுதானா?' என்று கேட்டிருந்தார்கள்.

"எந்தப் பிள்ளைடி? என்ன எழுதினே?"

"சொல்லக் கூடாதும்மா. பேப்பர்லகூட சைல்ட் ஏ-ன்னுதான் போடணும். பேர் போடக் கூடாது."

"நான் என்ன வெளியாளா? பதினெட்டு வருசமா அந்தப் பிள்ளைங்களுக்குச் சோறு போடறவ."

"உங்ககிட்டயும் கூடாது. ரூல் லா. கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொண்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பாம். அதிலும் போனால் படிப்பை விட்டே வெளியே போக வேண்டியதுதானாம்.

"நானே விட்டுடறேம்மா. ஃபெயிலானதுகூடப் பரவால்ல. பொய் எழுதினேன்னு நினைக்கிறாங்க பாருங்க, அதான் தாங்க முடியல."

அவளுடைய அப்பா இறந்தபோதுகூட என் முன்னால் அழாதவள். அன்றைக்கு அழுதாள். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு வரிகூட உதவி செய்ய முடியாது. எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான்.

ஒன்பது செவ்வாய்க்கிழமை எலுமிச்சை விளக்கு ஏற்றுகிறேன் என்று லிட்டில் இந்தியா அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். சமையலறையைக் கழுவிவிட்டு, முகம் கழுவி, ரயிலேறிப் போவேன். கோயில் பக்கத்துப் பூக்கடைத் தங்கச்சி வாய்த்துடுக்கு. "என்னக்கா, வாரா வாரம் பழம் பிழியறீங்க? அம்மனுக்கே பல்லு கூசும்!" என்பாள். நான் சிரிக்க மாட்டேன். அம்மன் முன்னால் நின்று, "தாயே, அந்தப் பிள்ளை யாருன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அதை மாத்திக் கொடு. என் மகள் பொய் எழுதறவ இல்ல" என்று சொல்லுவேன். ஒவ்வொரு வாரமும் அதே வார்த்தை.

இடையில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாட்சி சொல்ல வந்தவள் பாதியை மறைக்கக் கூடாது.

நிலையத்தில் மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. பேர் சொல்ல மாட்டேன். முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதால் அதற்கு மட்டும் நீலத் தட்டு. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளை. சாப்பாட்டு வண்டி திரும்பி வரும்போது நீலத் தட்டு மட்டும் வைத்தது வைத்தபடி இருக்கும். வீட்டில் எப்போதும் யாராவது ஊட்டிப் பழக்கம் போல. கரண்டியைத் தொடாது.

என் சமையல் அப்படியே திரும்பி வருவதா? எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பிட்டு முடித்துப் பிள்ளைகள் பல் விளக்க வரிசையாக வரும். பல் விளக்குகிற இடம் சமையலறைக்குப் பக்கம். ஆசிரியைகள் உள்ளே மெத்தை விரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் இந்தப் பிள்ளை என் சமையலறைக் கதவோரம் வந்து நின்று வாயைத் திறக்கும். நான் நீலத் தட்டை எடுத்துப் பருப்புச் சோற்றைப் பிசைந்து, கையால் ஏழெட்டு வாய் ஊட்டிவிடுவேன். தட்டு காலியாகும். கழுவிக் கவிழ்ப்பேன். சமையல் ஆள் பிள்ளைகளுக்கு ஊட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். அந்த விதி நேற்று வந்தவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு செவ்வாய் முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை வசந்தி ஒரு காகிதத்தோடு சமையலறைக் கதவோரம் வந்து நின்றாள். வீட்டில் பேசுகிற குரல் இல்லை அது.

"அம்மா, இது என் படிப்புக்கு. மறுபடி எழுதிப் பார்க்கறேன். மத்த ஸ்டாஃப் பார்த்ததையும் எழுதச் சொல்லியிருக்காங்க. பிரின்சிபல்கிட்டயும் கேட்டுட்டேன். நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லுங்க. நீலத் தட்டு எப்பவும் நிறைஞ்சேதான் வருதா?"

'சைல்ட் ஏ' யார் என்று அந்த நிமிடம்தான் தெரிந்தது. காலை முதல் மாலை வரை ஒன்றும் சாப்பிடாத பிள்ளை ஓடி ஆடி விளையாடியது என்று வசந்தி எழுதியிருப்பாள். யார்தான் நம்புவார்கள்?

"ஆமா, நிறைஞ்சுதான் வருது" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். நான் சொன்னது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதியைச் சொல்ல என் வாய் வரவில்லை. பதினெட்டு வருடத்து மரியாதை போய்விடுமே என்ற பயம். மகள் முன்னால் தலை குனிய வேண்டுமே என்ற வீம்பு. திங்கட்கிழமை பிள்ளை கதவோரம் வந்து நின்றது. மறுபடியும் ஊட்டினேன். செவ்வாயும் ஊட்டினேன்.

அன்றைக்கு ஏழாவது விளக்கு. பழத்தை அறுத்து, பிழிந்து, மூடியைத் திருப்பி, நெய் விட்டேன். திரி போட்டு ஏற்றப் போகும்போது என் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் மஞ்சள். பருப்பு மஞ்சள். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் போகாத மஞ்சள். எந்தக் கையால் அந்தப் பிள்ளைக்கு ஊட்டினேனோ அதே கையால், அந்தப் பிள்ளையை மாற்று என்று விளக்கேற்ற வந்திருக்கிறேன். ஆறு வாரமாக அம்மனிடம் வழியைத் திறக்கச் சொல்லிக்கொண்டு, வழியில் குறுக்கே நின்றது நானேதான்.

என்னால் விளக்கை ஏற்ற முடியவில்லை. தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அம்மன் முகத்தைப் பார்த்தேன். ஒரு குரலும் கேட்கவில்லை, பூவும் விழவில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைத்தான் பதில் என்கிறேன்.

நேரே தோ பாயோவுக்குத் திரும்பி, நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். வசந்தி வேலை முடிந்து வந்தாள்.

"என்னம்மா இங்க உட்கார்ந்திருக்கீங்க? கோயிலுக்குப் போகலையா?"

"போனேன். விளக்கு ஏத்தல." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நின்றபடியே கேட்டாள். முகம் சிவந்துவிட்டது. "எத்தனை நாளாம்மா?"

"சேர்ந்த நாள்லேருந்து."

"நான் அழுதப்பகூடவா?"

"அப்ப நீ எழுதற பிள்ளை அதுதான்னு எனக்குத் தெரியாதுடி. போன வெள்ளிக்கிழமை தெரிஞ்சுது. தெரிஞ்சும் ரெண்டு நாள் ஊட்டிட்டேன்" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க. எத்தனை மணிக்கு வருவா? எத்தனை வாய்?"

"பாவம், பசிச்சுப்போய் வரும்..."

"பாவம்லாம் வேணாம்மா. நீங்க நினைச்சது வேணாம். அவ என்ன செஞ்சா, அதை மட்டும் சொல்லுங்க."

கண்ணை மூடி யோசித்தேன். வாயைத் திறக்கும். என் விரலைப் பார்க்கும். நான் பிசையும்போது தன் கையையும் அப்படியே பிசைகிற மாதிரி அசைக்கும். ஒருநாள் தட்டுக்குள் கை நீட்டியது, நான் தட்டிவிட்டேன்.

வசந்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "தானே எடுக்க வந்தாளா?"

"ஆமா. சட்டையெல்லாம் ஆகிடும்னு தட்டிவிட்டேன்."

"அம்மா! நான் இவ்ளோ நாளா கரண்டியையே நீட்டிட்டு இருந்தேனே!" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பிரின்சிபலிடம் நானே போய்ச் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர் சீனப் பெண்மணி, என்னைவிட வயதில் சின்னவர். வசந்தி ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, அவர் முகம் இறுகியது. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதது ஏதாவது வாயில் போயிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. தலை குனிந்து நின்றேன். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர்கள் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த நாள் முதல் சமையலறை வாசலில் இருந்த குட்டைத் தடுப்பு பூட்டியே இருந்தது. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்று அழுதது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதேன். கை தானாகத் தட்டைத் தேடும். அடக்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த எந்த விரதமும் அவ்வளவு கடினமாக இருந்ததில்லை.

வசந்தி உள்ளே வேறு வழி செய்துகொண்டிருந்தாள். பெற்றோரிடமும் பிரின்சிபலிடமும் சொல்லிவிட்டு, கரண்டியை எடுத்துவிட்டாள். கை கழுவி, கையால் சாப்பிடட்டும் என்று விட்டாள். பிரின்சிபல் அனுமதியோடு என்னையும் உள்ளே கூப்பிட்டாள். "பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து உங்க சாப்பாட்டை நீங்க சாப்பிடுங்க. அவ தட்டைத் தொடக் கூடாது. வாயைத் திறந்தாலும் பார்க்காத மாதிரி இருக்கணும். முடியுமா?"

"முடியும்" என்றேன். குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து, என் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். முதல் மூன்று நாள் பிள்ளை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. நாலாம் நாள் ஒரு விரலைப் பருப்பில் விட்டு நக்கியது. அடுத்த வாரம் இரண்டு வாய். பிறகு என்னை வேண்டாம் என்று வசந்தி சமையலறைக்கே அனுப்பிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதையும் மறைக்கவில்லை.

மிச்சம் இருந்த விளக்குகளைச் சுத்தமான மனத்தோடு ஏற்றினேன். ஒன்பதாவது விளக்கு முடிந்த மறுநாள், படிப்புச் சொல்லிக்கொடுக்கிற அம்மா நேரில் பார்க்க வந்தார். அன்று பருப்பு, சோறு, காரட், கோழி. நான் சமையலறையிலேயே நின்றேன். எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே பிள்ளைகள் சத்தம் மட்டும் கேட்டது.

வண்டி வந்தது. வெள்ளைத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அடியில் நீலத் தட்டு. காரட் நாலு துண்டு ஓரமாக ஒதுக்கியிருந்தது. சோற்றில் ஒரு பருக்கை இல்லை. தட்டு முழுக்கக் குட்டி விரல்கள் வழித்த கோடு. மஞ்சள் கோடு. அன்றைக்கு அது என் விரல் இல்லை. அந்தத் தட்டைக் கழுவ எனக்கு மனமே வரவில்லை.

வசந்தி பாஸானாள். சமையல் செய்கிறவர் சொன்னதை, அவர் செய்த தவறோடு சேர்த்து மறைக்காமல் எழுதியதுதான் அந்தப் பேப்பரில் எல்லாவற்றையும்விட நல்ல பகுதி என்று எழுதியிருந்தார்களாம். அவளே படித்துச் சொன்னாள். "உங்களுக்கும் பேர் போடலம்மா. 'சமையலறை ஊழியர்'னுதான் போட்டிருக்கேன். ரூல் லா" என்றாள். இந்தத் தடவை நான் கோபித்துக்கொள்ளவில்லை.

படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அந்தப் பிள்ளை இப்போது கரண்டியும் பிடிக்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குக் கையாட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் பல் விளக்கப் போகிறது.

அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டியதைத் தாயிடம் தைரியமாகக் கேளுங்கள். அவள் கேட்காமல் இருக்க மாட்டாள். ஆனால் கேட்ட பிறகு, உங்கள் கையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அவள் சில நேரம் பதிலை அங்கேதான் எழுதி வைத்திருப்பாள். அதைப் படிக்க மூன்றாம் வகுப்பு போதும்.