இளநீர் வேண்டாம், பஸ் வேணும்

முதலில் வாய்தான் மாறியது. எதைத் தின்றாலும் இரும்பை நக்கினது மாதிரி ஒரு ருசி. உலை கொதிக்கிற வாடைக்கே குமட்டியது. சீமைக்கருவேலக் கரிமூட்டத்தில் கரி அள்ளுகிற வேலை எனக்கு. புகைதான் உள்ளே சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கி வருசக்கணக்காகப் போட்ட மாத்திரை மேல் சந்தேகமே வரவில்லை. இத்தனைக்கும் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். பயப்பட வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

அருப்புக்கோட்டையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டரம்மா சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சும்மா. இனி வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ் (மிஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) பண்ணணும்."

"எத்தன வாரத்துக்கும்மா?" என்று கேட்டேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

எங்கள் பக்கம் சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு போகமாட்டார்கள். கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்வதும் மரியாதை இல்லை. குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார்கள். முதல் டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒருவர் மாற்றி ஒருவர் இளநீரோடு வந்தார்கள். எங்கள் காட்டில் தென்னை ஏது? எல்லாம் டவுனில் போய் வாங்கி வந்தது. பழம் கூடாது என்று ஆஸ்பத்திரித் தாளில் படித்திருந்தேன். இளநீர் தண்ணீர்தானே என்று நானே முடிவு செய்துகொண்டேன். எட்டாவதோடு நின்றவள், ஆனாலும் கேட்டிருக்கலாம். கடைசியாக வந்தது என் அண்ணன் பெண்சாதி பஞ்சவர்ணம். "இத மட்டும் குடி, உடம்புச் சூடு தணியும்" என்று வாயருகே பிடித்தது மதினிதான்.

சாயந்திரம் கால் மரத்தது. நெஞ்சு நின்று நின்று அடித்தது. மறுபடி ஆஸ்பத்திரி. இளநீரில் இருக்கிற பொட்டாசியம் (உடம்புக்கு வேண்டிய ஒரு உப்பு, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது கூடினால் இதயம் நின்றுவிடும்) ஏறிவிட்டதாம்.

"யாரு இளநி குடிக்கச் சொன்னது?" டாக்டரம்மா கத்தினார்.

"யாரும் சொல்லலம்மா. கொண்டு வந்தாக."

இனி யாரும் இளநீர் கொண்டுவர வேண்டாம் என்று வீட்டுக்காரர் ஊரில் சொன்னார். மதினிக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "நான் குடுத்தது வெசமாக்கும்? இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று போய்விட்டாள்.

இளநீர் நின்றது. எனக்கு வேண்டியதோ வேறு. டயாலிசிஸ் அறையில் காலை ஏழு மணிக்கு எனக்கு இடம். எங்கள் ஊர் விலக்குக்கு (மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குத் திரும்புகிற இடம்) முதல் பஸ் வருவதே ஏழே முக்காலுக்கு. வீட்டுக்காரர் இருந்தால் வண்டியில் கொண்டுபோய் விடுவார்; பாதி நாள் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போய்விடுவார். பிந்திப் போனால் நான்கு மணி நேரம் ஓட வேண்டிய மிஷின் மூன்றுதான் ஓடும். எனக்கு அடுத்து ஒருத்தர் காத்திருக்கிறார், அவரை என்ன சொல்வது? ஓடாத அந்த ஒரு மணி நேரம் உடம்பில் நீராகத் தங்கும். படுத்தால் மூச்சு முட்டும். அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் உட்கார்ந்தே தூங்குவேன். தூங்குவதாவது, பயந்துகொண்டு இருப்பேன்.

ஆறரைக்கு ஒரு பஸ் விடச் சொல்லி நானே மனு எழுதினேன். வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போனேன். இளநீருக்காக டவுனுக்குப் போய் வந்தவர்கள் பேனாவைத் தொட யோசித்தார்கள். "சோலார் கம்பெனிக்கு நெலம் கேட்டு வந்தவனும் இப்பிடித்தான் கையெழுத்து வாங்கி ஏமாத்துனான்" என்றார் ஒருவர். "எங்க வீட்ல அவுக வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றார்கள் பலர். மதினி வாசலிலேயே மறித்தாள். "ஒன் ஒருத்திக்கு பஸ்ஸு வருமாக்கும்? கலெக்டர் மகளா நீ?"

வீட்டுக்கு வரும் வழியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே வந்த மதினி அதைப் பார்த்தாள்.

அவள் பஞ்சுமில் வேலைக்குப் போகிறவள். விடியற்காலை மில் வேன் வந்து எங்கள் ஊரில் ஒன்பது பெண்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகும். அடுத்த டயாலிசிஸ் அன்றைக்கு, "வா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். டிரைவர் தம்பி மறுத்தது.

"வெளியாள ஏத்துனா என் வேல போயிரும்க்கா."

"அப்ப நாங்களும் ஏறல. வெறும் வேன ஓட்டிட்டுப் போயி என்ன சொல்லுவ, சொல்லு" என்றாள் மதினி. ஒன்பது பேரும் கீழேயே நின்றார்கள். ஒருத்தி கல்லில் உட்கார்ந்து தலை பின்ன ஆரம்பித்தாள். டிரைவர் யாருக்கோ போன் செய்தார். பிறகு, "ஏறுங்க, பின்னால போங்க" என்றார்.

அன்றைக்கு முழு நான்கு மணி நேரம் ஓடியது. படுத்துத் தூங்கினேன்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. இரண்டு மாதம் வேனில் தடையில்லாமல் போனேன். புது டிரைவர் வந்தார். மில் சூப்பர்வைசர் ஒரு நாள் ஏற்றுவார், ஒரு நாள் இறக்குவார். எங்கள் வழித்தடத்திலேயே இன்னும் இரண்டு பேர் டயாலிசிஸுக்கு வருகிறார்கள். அவர்கள் ஊரில் வேனும் இல்லை, மதினியும் இல்லை. பிந்தி வந்து, மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டுப் போகிறார்கள்.

அதனால் சீக்காளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதையும் வாங்காதீர்கள். "என்னைக்கு மிஷின்? யாரு கூட்டிட்டுப் போறா?" என்று கேளுங்கள். கையெழுத்துக் கேட்டால் போடுங்கள்.

முதல் மனு கையெழுத்துச் சேராமல் வீட்டிலேயே கிடந்தது. இரண்டாவது மனுவுக்கு மதினியே ஊரைச் சுற்றினாள். ஊரே போட்டது. போன வாரம் இருவரும் பஸ் டெப்போ ஆபீசுக்குப் போனோம்.

"எத்தன பேருக்கு பஸ்ஸு வேணும்?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"மூணு பேருக்குங்க" என்றேன்.

"மூணு பேருக்கெல்லாம் பஸ்ஸு விட முடியாதும்மா."

"நீங்க இப்பிடியே தள்ளிக்கிட்டே போங்க சார்" என்றாள் மதினி. "மூணு ரெண்டாவும், ரெண்டு ஒண்ணாவும். அப்பறம் ஒங்களுக்கு பஸ்ஸு விடுற தொந்தரவே இருக்காது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மனுவில் முத்திரை குத்தினார். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

முன்பு ஒரு மாதம் என்றால் எனக்கும் ஒரு மாதம்தான். இப்போது இந்த உடம்புக்கு மாதம் தெரியாது; ஒரு மிஷினிலிருந்து அடுத்த மிஷின் வரைக்கும்தான் தெரியும். அவர் சொன்ன ஒரு மாதத்தில் எட்டு தடவை இருக்கிறது. எட்டு தடவையும் நான் ஏழு மணிக்குப் போய்ச் சேர வேண்டும்.