அக்கா சொன்ன விலை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருடைய வண்டிக்கு எங்கள் அக்கா விலை சொல்லியிருப்பார். சிலருக்கு அந்த விலை பிடித்திருக்கும், சிலருக்குப் பிடித்திருக்காது. அவர் நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. கைப்பேசி மணி அடித்தால் அக்காவோ என்று எனக்கு இன்னும் ஒரு நொடி தடுமாறுகிறது. தங்கை எழுதட்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, சொன்னார். முடிந்த அளவு எழுதுகிறேன்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக் குடிசையில் அக்கா பிறந்தார். அப்பா தேங்காய் உரிக்கும் கூலி, அம்மா அதே தோப்பில் மட்டை பொறுக்கும் கூலி. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்தார். பி.காம். முடித்து, கோவையில் வண்டிக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். பழைய கார்களுக்கு மதிப்பீட்டாளர்கள் எழுதித் தரும் அறிக்கைகளை அடித்து அடித்தே, எது வண்டியைப் பார்த்து எழுதியது, எது டீக்கடையில் உட்கார்ந்து எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மேலாளரிடம் சொன்னார். "அப்படீன்னா நீங்களே போய்ப் பாருங்களேன்" என்று அவர் கேலியாகச் சொன்னதை அக்கா உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

முதல்நாள் பட்டறையில் ஒரு மெக்கானிக், "ஏனுங்க மேடம், கொழம்பாட்டம் ருசி பாத்துச் சொல்லிருவீங்களா?" என்று சிரித்தாராம். அக்கா செய்தித்தாளை விரித்து, சேலையோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "உப்புத் தூக்கலா இருக்குதுங்க, அடித்தகடு பூரா துரு" என்றாராம். அதன்பிறகு இருபத்தாறு ஆண்டுகள் அவர் பார்க்காத பட்டறை இல்லை. மீட்டரை நம்ப மாட்டார், பிரேக் மிதியின் தேய்மானத்தைப் பார்ப்பார். தான் வரும்வரை இஞ்சினைத் தொடக் கூடாது என்பார். சூடான வண்டி தன் நோயைச் சொல்லாது என்பது அவர் கணக்கு.

என் மகளுக்குப் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தபோது, பத்து நாளில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்தது பதினோரு வருடக் கார் ஒன்றுதான். நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டரே ஓடியது, உறை போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அதே மாடலுக்குக் கைப்பேசியில் மூன்று லட்சம் போட்டிருந்தார்கள். நானும் மூன்று என்றேன். மூன்று பேர் வந்து பார்த்து, "சொல்றமுங்க" என்று போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை. ஐந்து நாள் போய்விட்டது.

அக்கா வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "ரெண்டு முப்பத்தஞ்சு" என்றார்.

"போன்ல மூணு போட்டிருக்கறாங்கக்கா!"

"அது கேக்கற வெல கண்ணு. வித்த வெலைய எவன் போடறான்?"

"இத்தன பத்தரமா வெச்சிருக்கறமே?"

"அதுக்குத்தான் இவ்வளவு. இல்லீனா ரெண்டயே தாண்டாது. நல்லா வெச்சிருந்தா போன வருஷம் திரும்பி வருமா? நிக்கற வண்டிக்கு டயரு தேயாது, காஞ்சு வெடிச்சுப்போயிரும். நாலையும் மாத்தோணும். இன்னும் நாலு வருஷத்துல பதினஞ்சு முடிஞ்சு எஃப்.சி. வேற காட்டோணும்."

மறுநாள் அவர் சொல்லி, பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்யும் ஒருவர் மெக்கானிக்கோடு வந்தார். அவர்கள் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கையில் அக்கா என் பக்கத்தில் வந்து, "எடது பின்கதவு பெயின்ட் அடிச்சத நீயே சொல்லிப்போடு அம்மணி" என்றார்.

கோயில் கேட்டில் நான் உரசிய கதவு அது. என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

"அப்படி வாங்க! அப்ப ரெண்டுக்கு முடிச்சரலாமுங்க" என்றார் மெக்கானிக்.

"ஏனுங்க, கதவுக்குப் பெயின்ட் அடிச்சா இஞ்சின் தேஞ்சுபோகுமுங்களா?" என்றார் அக்கா. "கதவக் கழிச்சுத்தான் வெல சொல்லியிருக்கறேன். அதுக்குக் கீழன்னா வண்டி இங்கயே நிக்கட்டுமுங்க."

வியாபாரி சிரித்துவிட்டார். "விக்கறவங்களே குத்தத்தச் சொல்லிப்போட்டாங்க. இனி என்னத்தப் பேசறது?" அடுத்த நாள் காலையில் முழுப் பணத்தோடு வந்து வண்டியை எடுத்துக்கொண்டார்.

கட்டணத்துக்குப் போதாத மீதித் தொகைக்கு என் வளையல்களை அடகு வைத்தேன். அந்த ஆத்திரத்தில், "உங்க பேருக்காக எம்புள்ள படிப்புல கைய வெச்சுட்டீங்களேக்கா" என்று கேட்டுவிட்டேன். அக்கா கோபப்படவில்லை. "அஞ்சு வருஷம் கழிச்சு அவரு இதே வண்டிய விக்கறப்ப எங்கிட்டத்தான் வருவாரு. அன்னிக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு வெல சொல்றது?" என்றார். மூன்று மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு அவரே பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தார். எதுவும் நடக்காததுபோல் பேசத் தொடங்கினோம்.

மகள் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மூன்று லட்சம் என்று நான் பிடிவாதமாக நின்றிருந்தால் பத்து நாளும் ஓடியிருக்கும், இடமும் போயிருக்கும். இது எனக்கு அப்போதே தெரியும். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு, ஒரு வண்டி பார்க்கக் கிளம்பிய காலையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தார். "உம்புள்ளைக்குப் பரிச்ச முடியட்டும், இப்பச் சொல்லாத" என்பதுதான் என்னிடம் கடைசியாகப் பேசியது. மூன்றாம் நாள் ஆண்டவருக்குள் உறங்கினார்.

அந்த மூன்று நாளும் மாமாவோடு தரையில் படுத்திருந்த எங்கள் அன்பியத்து அண்டை வீட்டாருக்கும், செபம் சொன்ன பங்குத்தந்தைக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்த பட்டறைத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அக்கா சொன்ன விலையில் மனம் வருந்தி, எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்ட உறவினர்களும் நம்மில் உண்டு. அன்று ஒருவர் விடாமல் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து மண் போட்டீர்கள். உங்களுக்குத் தனியாக நன்றி. அந்த வருத்தம் என்னவென்று எனக்குத் தெரியும், நானும் உங்களில் ஒருத்திதான். அவரிடம் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லோர் முன்னாலும் அச்சில் சொல்கிறேன்: எங்கள் வண்டிக்கு அக்கா சொன்ன விலை சரியான விலை.