சிவப்புக் கோடு போட்ட மாத்திரை

எனக்கு யார்மேலும் லேசில் நம்பிக்கை வராது. பால் பாக்கெட்டை இரண்டு தடவை அமுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டி லிஃப்டை ரிப்பேர் செய்ய வந்தவரிடமே அடையாள அட்டை கேட்டவள் நான். அப்படிப்பட்டவள் மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

என் கணவருக்கு ரத்த அழுத்தம். மத்திய அரசு வேலையிலிருந்து ரிட்டையரான மறுவருஷமே அது எகிறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் காலையில் ஒரு மாத்திரை, ஒரு நாளும் விடக் கூடாது என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் உயிரே அந்த ஒற்றை மாத்திரையில் இருக்கிறது என்ற பயம் அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

பென்ஷன்காரர்களுக்கு அரசு டிஸ்பென்சரியில் மருந்து கிடைக்கும். ஆனால் டாக்டர் சீட்டில் எழுதுவது ஒரு கம்பெனியின் பெயர், ஜன்னலில் கொடுப்பது இன்னொரு கம்பெனியுடையது. ஒரு மாதம் வெள்ளையாக வட்டமாக இருக்கும். அடுத்த மாதம் மஞ்சளாக நீளமாக இருக்கும். கேட்டால், "ஸேம் ஹை, ஆண்டிஜி, ஸேம் ஹை", எல்லாம் ஒன்றுதான் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த அவசரமே எனக்குச் சரியாகப் படவில்லை.

எனவே மார்க்கெட்டிலுள்ள மருந்துக்கடைக்குப் போய், சீட்டில் இருந்த அதே பெயரில் ஓர் அட்டை வாங்கினேன். அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துக்குத்தான் அந்தக் கோடு போடுவார்கள். நான் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பையா, பர்ச்சி தோ தேகோ." சீட்டையாவது பாரப்பா என்றேன்.

"பி.பி. கி தவா மே க்யா தேக்னா, ஆண்டிஜி!"

பி.பி. மாத்திரைக்குச் சீட்டில் பார்க்க என்ன இருக்கிறதாம்! அதே ஆள், பக்கத்தில் நின்ற அம்மாள் தூக்க மாத்திரை கேட்டதும் விறைத்துக்கொண்டார். சீட்டை வாங்கித் தேதி பார்த்தார். டாக்டர் பெயரையும் அந்த அம்மாள் பெயரையும் தனியாக எழுதிக்கொண்ட பிறகே கொடுத்தார். அது ஹெச்-ஒன் என்ற வகையாம், இன்ஸ்பெக்டர் வந்து கணக்குக் கேட்பாராம். என்னுடையது வெறும் ஹெச். இரண்டிலும் சிவப்புக் கோடு இருக்கிறது, ஒன்றுக்குக் காவல், இன்னொன்றுக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. இதில் கோட்டை நம்புவதா, இந்த ஆளை நம்புவதா என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன். வீட்டிலும் புலம்பினேன்.

"இதுதான் டாக்டர் எழுதினது. இனிமே இதைச் சாப்பிடுங்க. டிஸ்பென்சரி மாத்திரை போலி, தூக்கிப் போடுங்க."

"கவர்மெண்டு குடுக்கதைப் போய் ஏன் இப்படிச் சொல்லுத?" என்றார் கணவர். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அவர் அவ்வளவு சீக்கிரம் அடங்கிப்போகிறவர் இல்லை. நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் அவருக்குத் தலை சுற்றத் தொடங்கியது. உட்கார்ந்து எழுந்தால் சுவரைப் பிடித்தார். கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, எனக்குத் தெரியாமல் எண்ணெயும் உப்புமான கச்சோரி தின்கிறாரோ என்று அவரையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். ஒரு நாள் காலை பாத்ரூம் வாசலில் சரிந்து விழுந்தார்.

கடைக்காரரைக் கம்பி எண்ண வைக்காமல் விடுவதில்லை என்று அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வேறு என்ன சாப்பிடுகிறார்?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார். ஒன்றும் இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், படுத்திருந்த கணவர் சட்டைப் பையிலிருந்து இன்னோர் அட்டையை எடுத்து நீட்டினார். டிஸ்பென்சரி அட்டை. பாதி காலி.

டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைத் தொட்டுக் காட்டினார். இரண்டிலும் அதே மருந்து, அதே அளவு. தினமும் இரட்டிப்பாகப் போய் அழுத்தம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஆளையே எழுப்பியிருக்க முடியாது என்றார்.

"ஏங்க, தூக்கிப் போடச் சொன்னேனே!" என்று கத்திவிட்டேன்.

"அது போலின்னு சொன்னதும் நீதான். கடைக்காரன் சீட்டே பாக்காம குடுத்தான், அவனையும் நம்ப முடியாதுன்னு சொன்னதும் நீதான். நான் எதைத்தான் நம்ப? ரெண்டுல ஒண்ணாவது நெசமா இருக்கும்னு ரெண்டையும் போட்டேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஊசி குத்தியிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டுமே நிஜமாக இருந்துவிட்டன. அப்படியும் இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் எனக்கு வரவே இல்லை.