வட்டப்பாறையில் வைத்த கை

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் கார்டை உறையோடு நீட்டுகிறவர்களிடம்கூட எரிந்து விழுவேன். அதே வாயால் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றிப் பாட்டும் பாடுவேன். அமாவாசைக்கு ஒரு கோயில், பௌர்ணமிக்கு ஒரு மலை, போனில் தினமும் ஒரு சொற்பொழிவு. மனசு அடங்கிவிட்டது என்று நான் சொன்னால் என் கடைக்கு வருகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

என் அண்ணி கோயில் குளம் என்று போய் நான் அதிகம் பார்த்ததில்லை. விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அண்ணனும் அவரும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, பேச்சு நின்று, படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் பார்த்துக்கொண்டது அண்ணிதான். நான் ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து போகிற மகள்.

அண்ணியிடம் ஒரு பழக்கம் உண்டு. அப்பாவைத் தொடும் முன் என்ன செய்யப்போகிறார் என்று அவரிடம் சொல்வார். “மாமா, எடது கைய தூக்கறேன்.” “மாமா, ஒருக்களிச்சுப் படுக்க வெக்கறேன், பயப்படாதீங்க.” சொல்லிவிட்டு ஒரு நொடி காத்திருப்பார். அதன் பிறகுதான் தொடுவார்.

“அவருக்கு இன்னா அண்ணி புரியப்போவுது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“புரியுதோ இல்லியோ, அவரு ஒடம்பாச்சே. கேக்காம எப்பிடித் தொடறது?” என்றார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

போன ஜூனில் அப்பா இறந்தார். அன்று நான் பக்கத்தில் இல்லை. மதியம் அண்ணன் போன் செய்து சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்து, கடைசியாகத் தலையில் எண்ணெய் வைக்கும் சடங்கு நடக்கும்போது, அண்ணி குனிந்து, “மாமா, எண்ணெ வெக்கறேன்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்காக நாடகம் ஆடுகிறார் என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அது வெடித்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“காலையிலயே மூச்சு வாங்கிச்சாமே. எனக்கு ஒரு போன் பண்ண முடியலியா உங்களுக்கு? பஸ் ஏறினா ஒரு மணி நேரம். கடைசியா மொகத்தப் பாத்திருப்பேன்.”

“பண்ணேன் பாப்பா. நீ எடுக்கல.”

“பொய். தைரியமிருந்தா திருவாமாத்தூருக்கு வந்து பாறையில கைய வெச்சுச் சொல்லுங்க.”

எங்கள் பக்கத்தில் இது சின்ன வார்த்தை இல்லை. திருவாமாத்தூர்க் கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. அதன்மேல் கை வைத்துப் பொய் சொன்னவரைப் பாம்பு தீண்டும் என்பது நம்பிக்கை. நிலத் தகராறுக்குக்கூட யோசித்துத்தான் அங்கே கூப்பிடுவார்கள். பந்தியில் இருந்தவர்கள் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணி மட்டும், “சரி, வெள்ளிக்கெழம வர்றேன்” என்றார்.

அண்ணியின் பட்டன் போனில், ஊருக்கெல்லாம் துக்கம் சொன்ன அழைப்புகள் வந்து பழைய அழைப்புகளின் பதிவை எல்லாம் அழித்துவிட்டிருந்தன. என் போனில் பார்த்திருக்கலாம். ஒரு விரலால் தள்ளினால் தெரிந்துவிடும். நான் பார்க்கவே இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அண்ணியும் நானும் விழுப்புரத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் போனோம். ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டார். மஞ்சள் பையில் இருந்து வேகவைத்த மல்லாட்டையை எடுத்து நீட்டினார். சத்தியம் வாங்க வந்தவளுக்கு வழித்தீனி! நான் தொடவில்லை. பசித்தது.

பாறைக்கு முன்னால் அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். கழனி வேலையில் விரல் கணுவெல்லாம் வெடித்திருந்த கை. அதைப் பாறைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, நான் போன் பண்ணலன்னு சொன்னா உன் மனசு ஆறுமா?”

“இன்னா சொல்றீங்க?”

“ஆறும்னா அப்பிடியே சொல்லிடறேன். என்மேல கோவப்பட்டுக்கினு நீ பாட்டுக்கு நல்லா இருந்துடுவ. பண்ணேன்னு சத்தியம் பண்ணிட்டா நீ எப்பிடித் தூங்குவ?”

“இங்க பொய் சொன்னா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?”

“தெரியும். தெனமும் பாம்பு ஓடற கழனியிலதான் நிக்கறேன்” என்று சொல்லிவிட்டு, அம்மன் சன்னதிப் பக்கம் திரும்பி, “தாயே, எங்க மாமா போன அன்னிக்கு நான் இந்தப் பொண்ணுக்கு...” என்று ஆரம்பித்தார்.

பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.

“வந்துச்சு அண்ணி. போன் வந்துச்சு. நான்தான் கட் பண்ணேன்.”

பள்ளிக்கூடம் திறந்த நேரம். சாதிச் சான்றிதழும் டி.சி.யுமாகக் கடை வாசலில் கூட்டம். ‘அண்ணி’ என்று போன் மினுங்கியது. மறுபடியும் எதையோ வாங்கிவரச் சொல்லப்போகிறார், பெரிய பேஜாராகப் போயிற்று என்று சிவப்புப் பட்டனை அழுத்தினேன். திரும்ப அழைக்க மறந்துபோனேன். இது பாறைக்கு முன்னால் புதிதாக நினைவுக்கு வந்ததில்லை. எனக்குள் எப்போதும் இருந்தது. போன் வரவில்லை, வரவில்லை என்று பதினாறு நாள் ஊர் முழுக்கச் சொல்லி அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

“தெரியும் பாப்பா” என்றார் அண்ணி. ஒரு ‘ஏன்’ கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்க வேண்டியிருந்தது.

“அப்பா என்னத் தேடினாரா?”

“வாசலையே பாத்துக்கினு இருந்தாரு. பாப்பா கடையில கூட்டம் மாமா, வந்துடுவான்னு சொன்னேன். தலைய ஆட்டினாரு. அப்பறம் என் கையப் புடிச்சிக்கினாரு. விடவே இல்ல. அதான் மறுபடியும் உனக்குப் போட முடியல.”

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சாகக் கிடந்தவரிடம் என்னை விட்டுக்கொடுக்காதவர். தன்னைச் சத்தியத்துக்கு இழுத்தவளுக்காகத் தன் தலையில் பழியைப் போட்டுக்கொள்ளத் துணிந்தவர். எத்தனை மலை ஏறியிருக்கிறேன்! இவ்வளவு உயரமான ஒருத்தர் எங்கள் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது என் கண்ணில் படவில்லை.

திரும்பும்போதும் ஜன்னலோரம் எனக்குத்தான். மல்லாட்டையை இருவரும் உரித்துத் தின்றோம். கோயிலில் அந்தக் கையை வெடுக்கென்று இழுத்தது உறுத்திக்கொண்டே இருந்தது.

“அண்ணி, உங்க கையப் புடிச்சிக்கறேன்” என்று சொல்லிவிட்டு ஒரு நொடி காத்திருந்தேன்.

என்னைப் பார்த்தார். கண் கலங்கியது. மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

அப்பா கடைசியாகப் பிடித்திருந்த கை. விழுப்புரம் வரும்வரை நானும் விடவில்லை.